லிங்கம் முக்கு

1

முதலில் ஒரு 'டக்'. பிறகு தொண்டையைச் செருமுவதுபோல் ஓர் இழுப்பு. அதன்பின் ஓயாத ரீங்காரம். குளிர்பெட்டியின் மோட்டார் ஓடத் தொடங்கும் சத்தம் அது. ராட்டர்டாமில் என் வீட்டுக்குப் பக்கத்துக் கடையின் பின்வாசலில், இன்று காலை, சைக்கிளைப் பிடித்தபடி நின்று கேட்டேன். லாரியிலிருந்து உறைந்த இறாலை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எந்த ஊர் இறால் என்று பெட்டியின் மேல் அச்சடித்திருந்தது. நான் படிக்கவில்லை. படித்துவிடுவேனோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இந்த ஊருக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. டிராம் சத்தம், மழைச் சத்தம், கால்வாய்ப் பாலம் தூக்கும்போது அடிக்கும் மணி எல்லாம் காதோடு நின்றுவிடும். இது மட்டும் வயிற்றுக்குள் இறங்குகிறது.

இன்றோடு நான் ஒரு மின்னஞ்சல் அனுப்பி ஒரு வருடம். ஆங்கிலத்தில் அனுப்பியது. தமிழில் சொன்னால் நாலே சொல்.

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் பனியைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் எழுதுவார்கள். நானும் எழுதியிருக்கிறேன், கவிதை மாதிரிகூட. இந்தக் குறிப்பு தூத்துக்குடியில் இருக்கும் ஒரு துறைமுக மூலையைப் பற்றியது. அந்த மூலைக்கு என் பெயரை வைத்திருக்கிறார்கள்.

2

என் வேலையைப் பத்துத் தடவை சொல்லியும் தூத்துக்குடிப் பக்கம் ஆத்தூரில் இருக்கும் என் அக்காவுக்குப் பிடிபடவில்லை. "ஏலே லிங்கம், ஊரெல்லாம் செல்ஃபோன் டவர் நிக்கி. பொறவு துறைமுகத்துக்குன்னு தனியா எதுக்குல?" என்பாள்.

அக்காவுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு கன்டெய்னர் முனையத்தில் கிரேன் பேசுகிறது, லாரி பேசுகிறது, ஆட்கள் கையில் வைத்திருக்கும் கருவி பேசுகிறது. எந்தப் பெட்டி எங்கே, எதை எடுத்து எதன்மேல் வைப்பது என்று ஒரு நிமிடம்கூட ஓயாத பேச்சு. ஊர் முழுக்க வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் இதை நம்பி விட முடியாது. அதனால் துறைமுகத்துக்கென்று தனியாக ஒரு மொபைல் நெட்வொர்க். சொந்த ஆன்டெனா, சொந்த சிம் கார்டு. அந்த சிம் இல்லாதவன் உள்ளே நின்றாலும் வெளியே நிற்பவன்தான். காற்றுக்குள் ஒரு காம்பவுண்டு சுவர் கட்டுவது என் தொழில்.

கட்டுவதைவிடப் பெரிய வேலை அளப்பது. கன்டெய்னர் என்பது இரும்பு. அலை அதைத் துளைத்துப் போகாது, முட்டித் திரும்பும். ஐந்து பெட்டி உயரத்துக்கு இரண்டு பக்கமும் அடுக்கிவிட்டால் நடுவில் இருப்பது சந்து இல்லை, கிணறு. அதற்குள் சிக்னல் இறங்குகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. கையில் கருவியோடு ஒரு மனிதன் மெதுவாக நடக்க வேண்டும். பெட்டிகளை அடுக்கும் யார்டு காலியாக இருக்கும்போது ஒருமுறை. நிறைந்திருக்கும்போது இன்னொரு முறை. வரைபடத்தோடு உள்ள அட்டவணையில் அதற்கு இரண்டு பத்தி இருக்கும். இரண்டையும் நிரப்பிய பிறகு, அளந்தவன் அடியில் கையெழுத்துப் போடுவான்.

என் கம்பெனிக்குத் தூத்துக்குடியில் ஒரு முனையத்தின் வேலை கிடைத்தபோது, நானே கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். சொந்த ஊருக்குச் செய்கிறேன் என்று இங்கே மீட்டிங்கில் பெருமையாகவும் பேசினேன்.

3

அங்கே ரீஃபர் வரிசையில் இன்னாசி இருந்தான். ரீஃபர் என்றால் குளிர்பெட்டி. இறாலும் மீனும் உள்ளே உறைந்து கிடக்கும். கப்பல் வரும்வரை பெட்டிக்கு மின்சாரம் கொடுத்து, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றாகப் போய் எத்தனை டிகிரி என்று பார்க்க வேண்டும். அதற்கென்று உள்ளவர்களை செக்கர் என்பார்கள். இன்னாசி அதில் பதினாறு வருடம் பழகியவன். எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை என்னோடு ஒரே பெஞ்சு.

முன்பெல்லாம் செக்கர்கள் பெட்டியின் கதவிலேயே சாக்பீஸால் எழுதிவிடுவார்கள். டிகிரி, நேரம், அவரவர் அடையாளம். இன்னாசியின் அடையாளம் ஒரு சின்ன நங்கூரம். அடுத்து வருகிறவன் அதைப் பார்த்துவிட்டுக் கீழே தன் கணக்கை எழுதுவான். புது ஏற்பாட்டில் அது கிடையாது. கருவியில் எண்ணைத் தட்டினால் ஆபீஸ் திரையில் வந்துவிடும். அதை விளக்க ஒரு நாள் பயிற்சி வகுப்பு வைத்தேன். திரையில் ஒரு சாக்பீஸ் படத்தைப் போட்டு, குறுக்கே சிவப்பில் அடித்திருந்தேன்.

"இனிமே சாக்பீஸ் பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான்" என்றேன். சிரித்தார்கள்.

கடைசி வரிசையிலிருந்து இன்னாசி எழுந்து, "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும். பள்ளிக்கூடத்துலயே நான் இவனப் பாத்துத்தான் எழுதுவேன்" என்றான். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலமே முனையத்தின் மேனேஜர், கதவில் கிறுக்கினால் நடவடிக்கை என்று அறிவிப்பு ஒட்டினார்.

4

காலி யார்டைப் பொங்கல் விடுமுறையில் அளந்தேன். ரீஃபர் அடுக்குகள் புதிதாகக் கட்டி வெறுமனே நின்றன. வெயில் அடித்தாலும் கடல்காற்று இருந்தது. நடந்த இடமெல்லாம் சிக்னல் நிறைந்திருந்தது. வரைபடம் முழுக்கப் பச்சை.

நிறைந்த யார்டை அளக்க வேண்டியது பிப்ரவரிக் கடைசியில். சரியாக அந்த வாரம் ராட்டர்டாமில் பள்ளிக்கு விடுமுறை. என் மகள் தாரா விமானம் ஏறி என்னோடு இருக்க வந்தாள். பதினாறு வயது. டச்சு மொழியில் கனவு காண்கிறவள். தமிழை எடைபார்த்து, ஒரு நேரத்துக்கு மூன்று சொல் வீதம் செலவழிப்பாள். இன்னும் ஒரு வருடம் போனால் அந்த மூன்றும் இருக்காது என்று எனக்குப் பயம்.

அளக்க வேண்டிய அன்று காலை அவளை ஆதிச்சநல்லூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மண்ணுக்குள் முதுமக்கள் தாழிகளை இருந்தபடியே வைத்துக் காட்டுகிறார்கள். அவற்றுக்குள் மனிதர்கள். தாரா ஐந்து நிமிடம் பார்த்தாள். பிறகு காரில் போய் உட்கார்ந்து ஃபோனைத் தடவிக்கொண்டிருந்தாள். சாலையோரத்தில் அவித்த பனங்கிழங்கு வாங்கி, நார் உரித்துக் கொடுத்தேன். ஒன்றைத் தின்றாள். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை.

இன்னாசி ஃபோன் போட்டான். "ஏலே, எங்க இருக்க? நான் அஞ்சாவது வரிசையில நிக்கேன். ஒனக்கும் சேத்து டீ வாங்கி வச்சிருக்கேன். ஆறுது."

"நாளைக்கு பாத்துக்கிடலாம்ல" என்றேன்.

மறுநாள் போகவில்லை. ஆத்தூரில் அக்கா வீட்டில் இருந்தோம். அக்கா ஈரச் சாக்கின்மேல் வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இரண்டாவது பத்தியை நிரப்பினேன். கணினியிடம் கேட்டால் நிறைந்த யார்டில் எவ்வளவு இருக்கலாம் என்று ஒரு கணிப்புச் சொல்லும். அந்த எண்களை 'அளந்தது' என்ற தலைப்புக்குக் கீழே போட்டேன்.

இதோடு நின்றிருந்தால் சோம்பல் என்று சொல்லிக்கொள்ளலாம். அளந்த எண்கள் அவ்வளவு ஒழுங்காக வராது என்று எனக்குத் தெரியும். அதனால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் கலைத்தேன். ஒன்றைக் கூட்டினேன், ஒன்றைக் குறைத்தேன், ஓர் இடத்தில் வேண்டுமென்றே மஞ்சள் வைத்தேன். நடந்தவனின் எண்கள் போலவே இருந்தன. கையெழுத்துப் போட்டேன். அக்கா, "வேல முடிஞ்சா இலையப் போடட்டா?" என்று கேட்டாள். முடிந்தது என்றேன்.

5

நான் ராட்டர்டாம் திரும்பிய பிறகு, மழைக்காலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. முனையத்தின் ஆபீஸிலிருந்து என் கம்பெனிக்கு; பதில் எழுதச் சொல்லி எனக்கு அனுப்பியிருந்தார்கள். விஷயம் இதுதான்: ஐந்தாவது ரீஃபர் வரிசையின் உள்முனையில் ஒரு பெட்டி இறால் கெட்டுப்போயிருக்கிறது. பொறுப்பில் இருந்த செக்கர், போய்ப் பார்த்தபோது உறைநிலை சரியாக இருந்தது என்கிறார். ஆனால் அன்றைக்கு அந்த முனையின் ஆறு பெட்டிகளுக்கும் அவர் அனுப்பிய பதிவு ஒரே நிமிடத்தில், வரிசைக்கு வெளியே கேன்டீன் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. போகாமலே உட்கார்ந்த இடத்தில் எண்களைப் போட்டார் என்று கருதுகிறோம். அந்த முனையில் சிக்னல் இல்லை, வெளியே வந்த பிறகுதான் பதிவு போகும் என்பது அவர் வாதம். அங்கே சிக்னல் உண்டா?

கடைசி வரியை மறக்க முடியவில்லை. 'அளந்தவர் உங்கள் பொறியாளர்தான், அவரிடமே கேளுங்கள், அவர் சொல்வார் என்று ஊழியர் கூறுகிறார்.'

பெயர் போடவில்லை. பெயர் எதற்கு? அப்படிச் சொல்லக்கூடிய ஆள் அந்த யார்டில் ஒருவன்தான்.

கருவி எண்ணை எப்போது வாங்கியது என்று பதிவில் வைக்க வேண்டாம், ஆபீஸுக்கு வந்து சேர்ந்த நேரம் போதும் என்று அமைத்ததும் நாங்கள்தான். சிக்னல் இல்லாத இடமே கிடையாது என்று நான் பச்சை அடித்துக் கொடுத்திருந்தேனே. கதவில் நங்கூரம் போட்ட ஒரு சாக்பீஸ் வரி இருந்தால் அவன் தப்பியிருப்பான். அறிவிப்புக்குப் பயந்து எழுதவில்லை.

அன்று காலை நகராட்சிக்கு ஒரு படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் எத்தனை பேர், நாய் உண்டா, பெயரில் எது குடும்பப் பெயர் என்று அது கேட்டது. பதினெட்டு வருடமாக என் அப்பா பெயரை இந்த நாடு என் குடும்பப் பெயர் என்று நம்புகிறது, நானும் திருத்துவதில்லை. ஆம், இல்லை என்று கட்டங்களில் குறியிட்டுவந்த அதே கையோடு மின்னஞ்சலுக்கும் பதில் எழுதினேன். 'ஆம். அங்கு சிக்னல் உண்டு.'

இரண்டு வாரம் கழித்து அக்கா ஃபோனில் சொன்னாள். "ஏலே, ஒங்கூடப் படிச்சானே இன்னாசி, அவன துறைமுகத்துலேந்து அனுப்பிட்டாவளாம்ல. வேல பாக்காம பாத்தேன்னு பொய் எழுதுனானாம். அவன் அப்பிடிப்பட்ட ஆளால?"

"தெரியலையேக்கா" என்றேன்.

6

இங்கே ஒரு சொல் இருக்கிறது. 'கொம்ட் குட்'. எல்லாம் சரியாகிவிடும் என்று பொருள். பல்வலிக்கும் சொல்வார்கள், ரயில் நின்றுபோனாலும் சொல்வார்கள். மீட்டிங்கில் எங்கள் மேலாளர் தூத்துக்குடி வேலையை மற்றவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டினார். நான் எழுந்தேன். ஐந்தாவது வரிசையில் சிக்னலில் ஒரு பள்ளம் இருக்கிறது என்று சொல்லத்தான் எழுந்தேன். டச்சில் பள்ளத்துக்கு என்ன சொல் என்று தடுமாறுவதுபோல் ஒரு நொடி நின்றேன். சொல் தெரியும். 'கொம்ட் குட்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றால், என் கையெழுத்துள்ள வரைபடங்கள் நாலு துறைமுகங்களில் இருக்கின்றன. ஒன்று பொய் என்றால் மற்ற மூன்றையும் திருப்பிப் பார்ப்பார்கள். அவை உண்மையானவை. ஆனால் அதை யார் நம்புவார்கள்? இன்னாசியை யார் நம்பினார்கள்?

ஒன்பது மாதம் இப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாரா சாப்பாட்டு மேசையில் நோட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பள்ளியில் மறக்க முடியாத ஒரு நாளைப் பற்றி எழுதச் சொன்னார்களாம். நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். "உனக்குப் படிக்கிறேன், அப்பா" என்று அங்கங்கே நின்று தமிழாக்கிப் படித்தாள்.

ஆதிச்சநல்லூர். பெரிய பானை. அதற்குள் ஒருவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்பா கிழங்கில் நார் எடுத்துக் கொடுத்தது. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். நான்தான் அவள் பார்ப்பதைப் பார்க்கவில்லை. பிறகு இந்த வரி: "அப்பாவுக்கு எப்பவும் வேலை. அன்னிக்கு ஃபோன் மூணு தடவை வந்தது. அப்பா ஒரு தடவை எடுத்து, நாளைக்குன்னு சொல்லி, அப்புறம் ஆஃப் பண்ணிட்டாங்க. எனக்காக."

நிமிர்ந்து பார்த்தாள். "நல்லா இருக்கா?"

மிச்சம் இரண்டு அழைப்புகளை நான் மறந்தே போயிருந்தேன். அந்த நாள் நடக்காமல் இருந்திருக்கலாம் என்று ஒன்பது மாதமாக நினைத்துக்கொண்டிருந்தவன், அதற்குப்பின் அப்படி நினைக்கவும் வழியில்லாதவன் ஆனேன். "நல்லா இருக்கும்மா" என்றேன். அடுத்த வாரம், வருடாந்தரப் பராமரிப்புக்குத் தூத்துக்குடி போக ஆள் கேட்டார்கள். கையைத் தூக்கினேன்.

7

துறைமுக வாசலில் பாஸ் எழுதும் இடத்தில் ஒரு பெரியவர் என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொறந்த ஊரு தூத்துக்குடின்னு இருக்கு."

"ஆமா."

"நாடு வேறல்லா போட்டிருக்கு. ஃபாரின் ஆளுக்கு ஃபாரம் தனி, அண்ணாச்சி. இங்கன எங்க தங்குதீங்க?"

"அக்கா வீடு. ஆத்தூர்."

"ஊர்க்காரருக்கு விருந்தாளி பாஸு" என்று சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. பதினாறு வருடம் அந்த வாசல் வழியாகப் போய்வந்தவனுக்குக் கிடையாத பாஸ், கழுத்தில் தொங்கியது. முழுப் பெயரும் பெரிய எழுத்தில்.

ரீஃபர் வரிசைக்கு என்னோடு ஜெயராணி வந்தாள். இன்னாசியின் இடத்துக்கு வந்த செக்கர். முப்பது வயதிருக்கும். ஐந்தாவது வரிசையின் உள்முனைக்குப் போகுமுன் நின்று, கருவியில் குழுவுக்குச் சொன்னாள். "நான் லிங்கம் முக்குக்குள்ள போறேன். பத்து நிமிசம் லைன்ல இருக்க மாட்டேன்."

முக்கு என்றால் எங்கள் ஊரில் தெருமுனை. டீக்கடை முக்கு, பள்ளிவாசல் முக்கு என்போம்.

"என்ன முக்கு?" என்று கேட்டேன்.

"லிங்கம் முக்கு சார். உள்ள சிக்னல் கெடையாது. போகும்போது சொல்லிட்டுத்தான் போவோம்." மேல்சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தாள். பெட்டிக் கதவில் டிகிரி எழுதி, நேரம் எழுதி, கீழே ஒரு பூ போட்டாள்.

"எழுதக் கூடாதுன்னு அறிவிப்பு இருக்குல்ல?"

"இருக்கு. மேனேஜர் பாக்காத மாரிப் போயிருவாவ. அவியளுக்கும் தெரியும். புது ஆன்டெனா கேட்டா, வரைபடத்துல பச்சையா இருக்கே, பொறவு எதுக்குன்னு மேல கேக்காவளாம்."

"லிங்கம்னா யாரு?"

"எவனோ ஃபாரின்காரனாம் சார். வந்து அளக்காமலே அளந்தேன்னு எழுதிட்டுப் போயிட்டானாம். இன்னாசி அண்ணன் வச்ச பேரு. வேலைய விட்டுப் போற அன்னிக்கி ஹெல்மெட்ட ஒப்படைச்சிட்டு எல்லார்ட்டயும் சொன்னாவளாம். லிங்கம் முக்குக்குள்ள போகும்போது வெளிய சொல்லிட்டுப் போங்க, கதவுல எழுதிட்டு வாங்க, இல்லன்னா நீங்க போனதுக்குச் சாட்சி கெடையாதுன்னு." சிரித்தாள். "போன மாசம் ஒரு புது ஆளு, இங்கன சிவன் கோயிலா இருந்துது, பூட்ஸோட போலாமான்னு கேக்கான்."

நான் கழுத்து அட்டையைத் திருப்பி, எழுத்து நெஞ்சுப்பக்கம் இருக்கும்படி வைத்துக்கொண்டேன்.

இரண்டு பக்கமும் ஐந்தடுக்கு. முப்பது பெட்டி ஒரே நேரத்தில் மூச்சுவிட்டன. கையில் இருந்த அளவுக் கருவியை நீட்டிப் பிடித்து, ஒரு வருடத்துக்கு மேல் பிந்தி, நடந்தேன். பதினோராவது அடியில் எண் விழுந்தது. பதினாலாவது அடியில் கருவியில் ஒன்றுமில்லை.

8

இன்னாசி இப்போது கீழவைப்பாரில், மனைவியின் ஊரில் இருக்கிறான். ஐஸ் கம்பெனியில் வேலை. பஸ்ஸில் போனேன். பையில் ஆறு பக்கத்தில் ஒரு கடிதம். முனையத்துக்கும் என் கம்பெனிக்கும் முகவரியிட்டு, நடந்ததை முழுக்க எழுதியிருந்தேன். இன்னும் கொடுக்கவில்லை.

ஐஸ் பாளங்களைக் கொக்கியால் இழுத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"வாருமய்யா ஃபாரின்காரரே."

ஏலே என்று கூப்பிடவில்லை.

"எப்பிடி இருக்க இன்னாசி?"

"இங்கயும் குளிருதான். நெட்வொர்க்தான் கெடையாது. அதனால எம்மேல நம்பிக்க வச்சிருக்காவ." கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினான். ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். "இங்கிலீசு. தமிழ்ல சொல்லும்."

சொன்னேன். "நான் அந்த வரிசைய அளக்கல. அளந்ததாப் பொய் எழுதினேன். நீ போயிப் பாத்திருப்பன்னு தெரிஞ்சும், சிக்னல் இருக்குன்னு பதில் போட்டேன்."

"மோட்டார் ஓடுது. கேக்கல. சத்தமாச் சொல்லும்."

இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னேன். ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். இன்னாசி தலையை ஆட்டினான், வேலை ஒன்று முடிந்ததுபோல்.

"இதக் குடுத்தா எல்லாத்தையும் மறுபடி தோண்டுவாங்க. உன்னையும் கூப்பிட்டு விசாரிப்பாங்க. உனக்குத் தொந்தரவா இருக்குமோன்னு... உங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுக் குடுக்கலாம்னு."

அவன் என்னையே பார்த்தான். "போனது போவட்டும், விடு மக்கா, அப்பிடின்னு நான் சொல்லுவேன்னு வந்திருக்கீரு."

கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"சொல்ல மாட்டேன்."

அவன் மனைவி ரோஸ்லின் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். கம்பெனிக்குப் பின்பக்கமே வீடு. சோறும் சாளைக் குழம்பும் வைத்தாள். எனக்கு மீன் பெரிதாகப் பார்த்து வைத்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னாள்: "விசாரண நடந்த பதினஞ்சு நாளும் ஃபோனுக்குச் சார்ஜ் போட்டே வச்சிருந்தாரு அண்ணே. ஒங்க ஃபோனு வரும், ஒங்ககிட்ட கேப்பாவ, நீங்க சொல்லிருவியன்னு."

 எழுந்திருக்க முடியவில்லை. சாப்பிட்டேன்.

"எங்க அப்பா சங்கு குளிக்கப் போவாரு, ஒனக்குத் தெரியும்" என்றான் இன்னாசி. எப்போது 'உமக்கு' 'ஒனக்கு' ஆனது என்று நான் கவனிக்கவில்லை. "அப்பம்லாம் இடுப்புல கயிறு கட்டித்தான் எறங்குவாவ. மேல படகுல கயிறு பிடிக்க எங்க மாமனத் தவிர வேற ஆள வைக்க மாட்டாரு. மத்தவன்னா, கீழேந்து இழுத்தது கைக்குத் தெரிஞ்சாலும், அலைன்னு நெனச்சிட்டேன்னு சொல்லிரலாம். மாமன் சொல்ல முடியாது. வீட்டுக்குப் போனா எங்கம்மா நிப்பா. நான் ஆபீஸ்ல ஒன்னயக் கேக்கச் சொன்னேன் பாத்தியா, அது அந்த இழுப்புதான்."

"எனக்குத் தெரிஞ்சுது இன்னாசி."

"தெரியும். ஒம் பதில ஆபீஸ்ல படிச்சுக் காட்டுனாவ. தெரிஞ்சதுனாலதான் நாலு சொல்லுல முடிச்சிட்ட. தெரியாதவன்னா நாலு பக்கம் எழுதியிருப்பான்."

9

கடிதத்தைக் கொடுத்தேன். அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பெருமைக்காக இல்லை. மறுநாள் காலை முனையத்தின் ஆபீஸில் ஒரு கிளார்க் அதை வாங்கி, முத்திரை குத்தி, பரிசீலிப்பார்கள் என்றார். நகலில் எனக்கும் ஒரு முத்திரை கிடைத்தது. இங்கே திரும்பியதும் என் கம்பெனியில் மூன்று பேர் எதிரே உட்கார்ந்து, மிக மரியாதையாக, நாலு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். இப்போதைக்கு எந்த வரைபடத்திலும் நான் கையெழுத்துப் போடக் கூடாது. மற்ற மூன்று துறைமுகங்களுக்கும் வேறு ஆட்கள் போயிருக்கிறார்கள்.

ஐந்தாவது வரிசைக்கு ஆன்டெனா வந்துவிட்டதாம். ஜெயராணி செய்தி அனுப்பியிருந்தாள். என் பெயரை எப்படித் தெரிந்துகொண்டாளோ, அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. சிக்னல் இப்போது நன்றாக வருகிறதாம். ஆனாலும் எல்லோரும் இன்னும் லிங்கம் முக்கு என்றுதான் சொல்கிறார்களாம். அது அப்படியே இருக்கட்டும்.

இன்னாசிக்குப் பாஸ் இன்னும் வரவில்லை. கேட்டால், பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள். ஒரு மனிதனைப் போகச் சொல்ல அவர்களுக்கு என்னிடமிருந்து நாலு சொல் போதுமாக இருந்தது. திரும்ப வரச் சொல்ல ஆறு பக்கம் போதவில்லை. வாராவாரம் எழுதிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தாராவிடமும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். "அந்த நாளா?" என்றாள். பிறகு மாடிக்குப் போய்விட்டாள். கட்டுரை நோட்டு இன்னும் மேசையில்தான் இருக்கிறது. அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

காலையில் கடைவாசலில் அந்த மோட்டார் சத்தம் கேட்டபோது, கீழவைப்பார் பஸ் நிறுத்தம் நினைவுக்கு வந்தது. சாப்பிட்டு முடித்து, வெயிலில் நின்றோம். இன்னாசியின் கைகளில் ஐஸ் குளிர்ச்சி இன்னும் இருந்தது, பையை வாங்கிப் பிடித்தபோது தெரிந்தது. என் பைக்குள் கடிதம் இன்னும் கொடுக்கப்படாமல் இருந்தது. உனக்கு நகல் அனுப்புகிறேன், கொடுத்ததும் ஃபோன் செய்கிறேன் என்று ஏதேதோ சொன்னேன். அவன் கடல்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் வந்து நின்றது. நான் படியில் ஏறியதும் பையைத் தூக்கிக் கொடுத்தான்.

"ஏலே லிங்கம். மெயில்ல அனுப்பாத. நேர்ல போயிக் குடு. போனியான்னு நான் கேக்க மாட்டேன்."